அப்புச்சி, கன்னுக்குட்டியை ஏன் மாத்தினீங்க?

போன மே மாதம் என் மகள் வயிற்றுப் பேத்தி என்மேல் திருட்டுப் பழி போட்டாள்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி, விடியற்காலை ஈரோட்டில் இறங்கி, வாசலில் பையைப் போட்ட கையோடு கட்டுத்தறிக்கு ஓடினாள். அதற்கு முந்தைய செப்டம்பரில் காலாண்டு லீவுக்கு வந்திருந்தபோதுதான் எங்கள் காங்கேயம் மாடு கன்று போட்டது. செம்மண் நிறத்தில் ஒரு கிடேரிக் கன்று. லீவு முடிகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது போய்ப் பார்த்தால் அதே முளைக்குச்சியில் சாம்பல் வெள்ளையில் ஒரு கன்று நிற்கிறது. திரும்பி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்புச்சி, என் கன்னுக்குட்டியை வித்துட்டு வேற வாங்கிட்டீங்களா?"

"இல்லை கண்ணு. அதேதான் இது."

"அது செவப்பு. இது வெள்ளை. எனக்கு என்ன கலர் தெரியாதா?"

அவளுக்கு 10 வயது. தம்பிக்கு 6. அவன் வேறு "வித்துட்டாங்க, வித்துட்டாங்க" என்று பால் கேனில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

காங்கேயம் மாட்டுக்குக் கன்று செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறிச் சாம்பலுக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் அதிசயம் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொன்னேன், நம்பவில்லை. வாய்ச்சொல்லை நம்பாத பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வாய் நம்முடையதாக இருக்கும்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது சுழி. மாடு பிடிக்கப் போனால் எங்கள் ஆட்கள் பல்லுக்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். ராஜ சுழி, கெட்ட சுழி என்கிற கதைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு மாட்டின் நெற்றிச் சுழி பிறந்த இடத்திலேயே இருக்கும், ரோமத்தின் நிறம் மாறினாலும் அது மாறாது. மகளின் போனில் செப்டம்பர் மாதத்துப் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். நடு நெற்றியிலிருந்து இடது பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி ஒரு சுழி. கன்றின் தலையை நான் பிடித்துக்கொள்ள, அவள் போனை அதன் முகத்துக்கு நேராக நீட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, அதேதான்" என்று தீர்ப்பு வந்தது. மன்னிப்பெல்லாம் வரவில்லை.

நான் பால் சொசைட்டியில் 31 வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னிமலைக்கும் அரச்சலூருக்கும் நடுவே தோட்டத்தில் வீடு. பேரப் பிள்ளைகள் வந்தால் பொழுது போகும் என்று நினைத்திருந்தேன். இந்த முறை பெரியவள் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்திருந்தாள். உலக அதிசயத் தகவல்கள், பக்கத்துக்குப் பத்து, படத்தோடு. சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று, பல் தேய்க்கும்போது ஒன்று என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ஓர் ஒப்பந்தம் போட்டோம். புத்தகத்திலிருந்து அவள் ஒன்று, தோட்டத்திலிருந்து நான் ஒன்று. கன்று விவகாரத்துக்குப் பிறகு அவள் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: நான் சொல்வதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும், காட்டாததற்கு மார்க் இல்லை. புத்தகத்துக்கு அந்த நிபந்தனை கிடையாதா என்று கேட்டேன். புத்தகம் அச்சடித்தது என்றாள். நடுவர் அம்மாயி, அதாவது என் மனைவி. மார்க் போட காலண்டர் தாளின் பின்பக்கம்.

முதலில் ஆக்டோபஸ். அதற்கு 3 இதயமாம். இரண்டு, செவுள்களுக்கு ரத்தம் தள்ள, ஒன்று மீதி உடம்புக்கு. ரத்தமும் நீலம், ஏனென்றால் நம் ரத்தத்தில் இரும்பு பார்க்கிற வேலையை அதற்குச் செம்பு பார்க்கிறது. அம்மாயி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள். ஆரம்பத்திலேயே நான் பின்தங்கிப் போனேன்.

நான் மாட்டின் வாயைத் திறந்தேன். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. கீழே 8 பல், மேலே வெறும் தடித்த ஈறு. புல்லை நாக்கால் சுற்றி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே வைத்து வெட்டி இழுக்கும். சின்னவன் கையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன் என்றான், விடவில்லை. பின்னால் இருக்கிற கடைவாய்ப் பல் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு, விரல் போனால் போனதுதான். சந்தையில் வயதைச் சொல்வதும் இந்தக் கீழ்ப்பல்லை வைத்துத்தான். பால் பல் விழுந்து நிரந்தரப் பல் இரண்டு இரண்டாக முளைக்கும். இரண்டு பல் என்றால் சுமாராக இரண்டு, இரண்டரை வயது. அப்புறம் நாலு பல், ஆறு பல், எட்டுப் பல். எட்டும் முளைத்த பிறகு வியாபாரி சொல்கிற வயதை நம்ப வேண்டியதுதான், அதாவது நம்பக் கூடாது.

இந்த இடத்தில் புத்தகத்தோடு எனக்கு ஒரு தகராறும் வந்தது. மாட்டுக்கு 4 வயிறு என்று போட்டிருந்தது. 4 இல்லை, வயிறு ஒன்றுதான், அதில் 4 அறை. முதல் அறையே பெரிய மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவசரமாக மேய்ந்ததையெல்லாம் அதில் போட்டு வைத்து, நிழலில் படுத்துக்கொண்டு மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். இதைக் காட்டச் சொன்னாள். மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் குழிவான இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ புரண்டு கையைத் தள்ளியது. ஓடியே போய்விட்டாள். அம்மாயி எனக்கு ஒன்றரை மார்க் போட்டாள்.

ஆஸ்திரேலியாவில் வோம்பாட் என்ற பிராணி கனசதுரமாகப் புழுக்கை போடும் என்று அடுத்து வந்தது. "மாடும் அப்படிப் போட்டா அடுக்கி வைக்க எத்தனை சுளுவு" என்றாள் அம்மாயி. அவள் வறட்டி தட்டி வளர்ந்தவள்.

மஞ்சள் கதை நான் திட்டம் போட்டதல்ல. சின்னவன் என் வெள்ளை வேட்டியில் சாம்பாரைக் கவிழ்த்தான். மகள் அவசரமாகச் சோப்புக் கட்டியைத் தேய்த்தாள். மஞ்சள் கறை சட்டென்று ரத்தச் சிவப்பானது. சின்னவன் அழுகைக்கே போய்விட்டான். எனக்கோ கையில் வந்து விழுந்த மார்க்.

மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். நாக்கில் உறைக்கிற காரம் இல்லை. சுண்ணாம்பு, சோப்பு, சோடா மாதிரிப் பொருள்களின் காரம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையை நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற மஞ்சள் செய்யும். ஆரத்தித் தட்டில் இருப்பது என்ன என்று கேட்டேன். "செவப்புத் தண்ணி" என்றாள். கலர் பொடி போட்டது என்று நினைத்திருக்கிறாள். அம்மாயி ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு நுனி சுண்ணாம்பைக் கரைத்தாள். பளீரென்று சிவந்தது. அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள், திரும்ப மஞ்சள். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. பெரியவளுக்கு வாய் திறந்தது திறந்தபடி. நெற்றிக்கு வைக்கிற குங்குமமும் பழைய முறையில் மஞ்சளை வெங்காரம் சேர்த்துச் சிவக்க வைத்துச் செய்ததுதான் என்று அம்மாயி தன் பங்குக்குச் சொன்னாள். மஞ்சளும் குங்குமமும் ஒரே கிழங்கு. நடுவர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று பேத்தி ஆட்சேபித்தாள்.

அன்று மதியம் முழுக்க அதே வேலை. வெள்ளைத் தாளில் மஞ்சள் தண்ணீர் பூசிக் காய வைத்து, துடைப்பக் குச்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். சின்னவன் "அக்கா பைத்தியம்" என்று எழுதி, அவள் அப்பாவிடம் காட்ட ஓடுவதற்குள் எலுமிச்சைச் சாற்றைத் தடவி அழித்துவிட்டான். தடயமே இல்லை. வேட்டியை மட்டும் அலசி வெயிலில் போட்டோம். மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது, இரண்டு நாளில் வெளுத்துவிட்டது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு மார்க் வரவில்லை. பிள்ளைகளுக்கு விருதும் முத்திரையும் அதிசயம் இல்லை போலிருக்கிறது.

பால் விஷயத்தில் தோற்றால் என் 31 வருஷத்துக்கு அவமானம். அதனால் பழைய லேக்டோமீட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். கண்ணாடிக் குண்டு, மேலே கோடு போட்ட காம்பு. பாலில் விட்டால் மிதக்கும், எந்தக் கோடு வரை முழுகுகிறதோ அதுதான் டிகிரி. தண்ணீர் கலந்தால் டிகிரி இறங்கும். இது ஊருக்கே தெரியும். நான் கேட்டது வேறு: "ஆடையை எடுத்துட்டா என்னாகும்?"

"அதுவும் இறங்கும். நல்லதை எடுத்துட்டோமே."

ஏறும். தண்ணீரைவிடப் பால் கனம், ஆனால் பாலில் இருக்கிற கொழுப்பு தண்ணீரைவிட லேசு. அதனால்தான் ஆடை மேலே வந்து மிதக்கிறது. லேசானதை எடுத்துவிட்டால் மிச்சம் இன்னும் கனமாகும், குண்டு இன்னும் மேலே எழும்பும். இரண்டு ஜாடியில் விட்டுக் காட்டினேன். காம்பு 2 கோடு உயர்ந்து நின்றது. கெட்டிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். முதலில் ஆடையை எடுப்பது, டிகிரி ஏறும். அப்புறம் அளவாகத் தண்ணீர் விடுவது, இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். வெண்ணெயும் மிச்சம், பாலும் அதிகம், குண்டு பாட்டுக்குச் சாதுவாக மிதந்துகொண்டிருக்கும். இதற்காகத்தான் டிகிரியோடு கொழுப்பையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலத்தோடு பாலை விட்டுச் சுழற்றினால் கொழுப்பு மட்டும் மேலே பிரிந்து வந்து நிற்கும். அங்கே எந்த வித்தையும் பலிக்காது.

"நம்ம ஊர்ல யார் அப்படிச் செஞ்சாங்க?"

சொல்ல மாட்டேன். அவருடைய பேத்தி இப்போதும் நான் எழுதுவதைப் படிக்கிறாள்.

வெள்ளிக் கிரகத்துக்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைத்தாள். அது சூரியனை ஒரு முறை சுற்றி வர 225 நாள், தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 நாள். அதாவது ஒரு சுழற்சி முடிவதற்குள் வருஷமே முடிந்துவிடும். அதோடு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதால் அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். எனக்கு இந்தக் கணக்கு புதிது. ஆனால் அந்த வெள்ளி பழக்கமானதுதான். காலை நாலரைக்குச் சொசைட்டி பூட்டைத் திறக்கப் போகும்போது வருஷத்தில் பல மாதம் கிழக்கே அதுதான் எனக்குத் துணை. விடிவெள்ளி. அடுத்த நாள் நாலரைக்கே எழுப்பி, வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினேன். "இதுவா? இவ்வளவு நாளா நட்சத்திரம்னு நினைச்சேன்" என்றாள். அவளுடைய தகவலை நான் காட்டியதால் ஆளுக்கு அரை மார்க்.

அரச்சலூருக்குக் கூட்டிப்போனது இந்த லீவில் நான் செய்த நல்ல காரியம். ஆரம்பித்தது சொல் விளையாட்டில். பின்னாலிருந்து படித்தாலும் அதேயாக வருகிற சொற்களைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விகடகவி, தேரு வருதே, மேகமே. சின்னவன் யோசித்து யோசித்து "பாப்பா" என்றான். சரி. "மாமா", சரி. "காக்கா", "தாத்தா", எல்லாம் சரி. "அப்புச்சி"? அப்புச்சி திரும்ப வரவில்லை. அவர்களுடைய அப்பாவின் அப்பா சென்னையில் இருக்கிறார், அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தோல்வியை என்னால் அப்படியே விட முடியவில்லை.

மாப்பிள்ளையின் காரில் ஏறி நாகமலைக்குப் போனோம். ஆண்டிப்பாறை என்று ஒரு பாறை, அதன் அடியில் குகை மாதிரி ஓர் ஒதுக்கு. அதன் கல்லில் தமிழ் பிராமி எழுத்து வெட்டியிருக்கிறது. 1,600 வருஷத்துக்கு மேல் பழசு. புலவர் செ. இராசு கண்டெடுத்து வெளியுலகுக்குச் சொன்னது. இசைக் கல்வெட்டு என்பார்கள், ஏனென்றால் அதில் இருப்பது சேதி அல்ல, ஆட்டத்துக்கோ பாட்டுக்கோ போடுகிற சொற்கட்டு. வரிக்கு 5 எழுத்து, அப்படி 5 வரி. முதல் வரி "த தை தா தை த". இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் அதே. அதோடு நிற்கவில்லை: மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே எப்படிப் படித்தாலும் அதே. விகடகவி ஒரு பக்கம்தான் திரும்பும், இது நாலு பக்கமும் திரும்பும்.

கல்லில் எழுத்து மங்கல், வெயில் சாய்ந்து விழுந்தால்தான் கண்ணுக்குப் படும். அதனால் பெரியவள் நோட்டில் 25 கட்டம் போட்டு எழுதி நாலு பக்கமும் விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் தானே ஒன்று செய்கிறேன் என்று ஆரம்பித்து, ஊர் திரும்பும்வரை காரில் யாரோடும் பேசவில்லை. 3 எழுத்து, 3 வரி ஒன்று வந்தது. சரியாகவும் இருந்தது. கல்லில் வெட்டினவன் இதைச் செய்து முடித்த அன்று எத்தனை பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

வருகிற வழியில் காலிங்கராயன் வாய்க்காலையும் காட்டினேன். 13-ம் நூற்றாண்டில் வெட்டியது, பவானியிலிருந்து நொய்யல் பக்கம் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர். நேராகப் போனால் இத்தனை தூரமே இல்லை. பாம்பு ஊர்ந்து வழி காட்டியது, அதன் பின்னாலேயே வெட்டினார்கள் என்று கதை. பேத்திக்குக் கதை பிடிக்கவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் அனுசரித்து, சரிவு ஒரே சீராக இருக்கும்படி வளைத்து வளைத்துக் கொண்டுபோனால்தான் தண்ணீர் கரையை அறுக்காமல் போகும் என்றேன். "அப்ப பாம்பு?" என்றான் சின்னவன். அவனுக்குப் பாம்பு வேண்டும்.

கொடுமணலில் கதை வேறு மாதிரி ஆனது. சென்னிமலையிலிருந்து பக்கம்தான், நொய்யல் கரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். இரும்பு உருக்கிய உலை, கல்மணி பட்டை தீட்டிய இடம் எல்லாம் தோண்டி எடுத்த ஊர். அத்தனையும் நான் ஆவேசமாகச் சொல்லி அழைத்துப் போனால் அங்கே இருப்பது வெறும் காடு. ஆட்டுப் பட்டி, வேலிக் கிளுவை, வெயில். "எங்கே?" என்றான் சின்னவன். தரையில் பானை ஓட்டுச் சில்லுகளைக் காட்டினேன். எடுக்கக் கூடாது, பார்க்கலாம் என்றதும் இருந்த கொஞ்சம் ஆர்வமும் போய்விட்டது. காட்டாததற்கு மார்க் இல்லை என்று பெரியவள் கறாராகச் சொன்னாள்.

திரும்பும்போது என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூர் இருக்கிறது, அங்கே தோண்டியெடுத்த பச்சைக் கல்லுக்குப் பெரில் என்று பெயர். மரகதமும் அந்தக் கல் இனம்தான். கொடுமணலில் அதை மணியாக்கித் துளை போட்டார்கள், கப்பலேறி ரோமாபுரிக்குப் போனது. பெரில் என்றால் இந்தியாதான், வேறு இடத்தில் கிடைப்பது அபூர்வம் என்று அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவுக்கு வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் காசு போய்விடுகிறதே என்று புலம்பியதும் அவர்தான். நம் பக்கத்தில் ரோமக் காசுப் புதையல் இத்தனை கிடைப்பது சும்மா இல்லை. அந்தப் பெரில் என்கிற பேரிலிருந்துதான் ஜெர்மன்காரர்கள் மூக்குக் கண்ணாடிக்கு ப்ரில்லெ என்று பெயர் வைத்தார்கள். ஆதியில் தெளிந்த பெரில் கல்லைத் தேய்த்துப் பூதக்கண்ணாடியாக வைத்துக்கொண்டார்களாம். ஆக, என் மூக்கின்மேல் இருக்கிற பொருளுக்கு ஜெர்மனியில் இருக்கிற பேர், சுற்றி வளைத்து இந்தக் காட்டுக் கல்லோடு சொந்தம். பெரியவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, தலை சுற்றுகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். முக்கால் மார்க்.

கடலை பிடுங்குகிற நாளில் ஒரு செடியைப் பூவோடு பிடுங்கிக் காட்டினேன். எங்கள் பேச்சில் கள்ளக்காய். பூ மேலே மஞ்சளாகப் பூக்கும். கருத்தரித்ததும் அடியிலிருந்து ஒரு ஊசி கீழ்நோக்கி நீண்டு, மண்ணைத் துளைத்து உள்ளே போய் அங்கே காயாகும். மேலே பூத்துக் கீழே காய்ப்பது. ஒளிந்து காய்ப்பதால்தான் கள்ளக்காயா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கடலையே நம் ஊர் இல்லை, தென் அமெரிக்கா என்றேன். மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்துதான், போர்த்துகீசியர் கொண்டுவந்து 500 வருஷம்தான் ஆகிறது. தக்காளி, கொய்யா, பப்பாளி, மக்காச்சோளம் எல்லாம் அந்தக் கண்டங்களின் சரக்கு.

அம்மாயி நடுவர் பதவியை விட்டே எழுந்துவிட்டாள். "மொளகா வெளியூரா? அப்ப அதுக்கு முன்னாடி கொழம்புக்கு என்னத்தப் போட்டாங்களாம்?"

மிளகு. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால்தானே மிளகாய். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டில் மிளகு ரசம் மட்டும் வைத்து, "பழைய காலத்துச் சாப்பாடு, சாப்பிடுங்க" என்றாள்.

எல்லாமே இப்படி ஜெயித்ததாக எழுதக் கூடாது. தங்கமீனுக்கு 3 விநாடிதான் ஞாபகம் என்று நானே ஒரு நாள் விட்டேன், எங்கேயோ கேட்டது. பேத்தி புத்தகத்தைத் திருப்பி, அது பொய், மீன்களுக்கு மாதக் கணக்கில் பழகின விஷயம் மறக்காது என்று காட்டினாள். எனக்கு மைனஸ் ஒன்று. சிவப்புச் சட்டை போட்டால் காளை முட்டும் என்று சின்னவன் கட்டுத்தறிப் பக்கமே வராமல் இருந்தான். மாட்டுக் கண்ணுக்கு நம்மைப் போலச் சிவப்பு தனியாகத் தெரியாது, ஆட்டுகிற துணியின் அசைவைப் பார்த்துத்தான் பாயும் என்று சொல்லி, சிவப்புத் துண்டோடு நானே போய் நின்றேன். காளை சோளத்தட்டைத் தின்றுகொண்டிருந்தது. துண்டை ஆட்டிக் காட்டச் சொன்னான். அந்த அளவுக்கு எனக்கு அறிவியல் ஆர்வம் இல்லை.

மயில் இறகைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் நீலம், பச்சை. அதையே வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் பழுப்பு. சாயம் பழுப்புதான், நீலமும் பச்சையும் இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருகிறது. தக்காளியைக் கொத்திப் போடுகிற மயிலைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வருவதே அபூர்வம், இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேப்ப மரத்தில் விடியவிடியக் கூவின குயில் ஆண் என்றதற்குப் பேத்தியைவிட மகளுக்குத்தான் ஆச்சரியம். கறுப்பாக இருக்கிற ஆண்தான் கூவும். பெண் புள்ளி போட்ட பழுப்பு, "கிக் கிக்" என்று கத்திக்கொண்டு போய்க் காக்கைக் கூட்டில் முட்டை வைத்துவிட்டு வரும். "ஆம்பளைகதான் சத்தம் போடுவாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அம்மாயி.

கோடை மழையின்போது மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 12 விநாடி, 9 விநாடி என்று குறைந்துகொண்டே வந்தது. 4 வந்ததும் அம்மாயி கணக்குப் போதும் என்று எல்லோரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலண்டர் தாளில் கணக்கு 14-க்கு 13¼ என்று நின்றது. 14 யாருடையது என்பதில் இன்னும் தகராறு. அதைவிட அவளுக்கு முக்கியமாக வேறொரு வேலை இருந்தது. தாய் மாடு மறுபடி சினை. பிப்ரவரி 2-ம் தேதி காளை சேர்த்தது, மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 9 மாதம் 9 நாள், நான் 285 நாள் என்று வைத்துக்கொள்வேன் என்றேன். விரல் விட்டு எண்ணி, காலண்டரைப் புரட்டி, நவம்பர் 14-ஐ வட்டம் போட்டாள். அப்புறம் ஓர் உத்தரவு: கன்று பிறந்ததிலிருந்து தினம் ஒரு படம். ஒரே சுவர், ஒரே நேரம், பக்கத்தில் எப்போதும் அதே செங்கல். செங்கல் நிறம் மாறாதே, அதோடு கன்றை ஒப்பிட்டால் எந்த நாளில் வெளுக்க ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும் என்றாள். இந்த யோசனை புத்தகத்திலும் இல்லை, எனக்கும் வந்ததில்லை. 60 வருஷமாகக் காங்கேயம் கன்றைப் பார்க்கிறேன், எந்த நாளில் செவலை போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நவம்பர் 11-ம் தேதி, மூன்று நாள் முந்தி, கன்று பிறந்தது. இதுவும் கிடேரிதான், செங்கல்லுக்கு ஒரு பிடி கூடவே சிவப்பு. தினம் காலை 8 மணிக்குச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஒரு நாள் செங்கல்லை வைக்க மறந்துவிட்டேன், "இது செல்லாது" என்று பதில் வந்தது. அரையாண்டு லீவுக்கு இன்னும் நாலு நாளில் வருகிறார்கள்.

இன்றைக்கு 41-வது படம். காதோரம் லேசாக வெளுத்த மாதிரி எனக்குத் தெரிகிறது. அம்மாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"மொதல்ல அந்தக் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுட்டுப் பாருங்க" என்றாள்.